தொலைதூரப் போருக்குள் ஒரு வல்லரசு எப்படி இறங்குகிறது: தஞ்சையை வைத்துத் தடம் பிடிக்கும் முறை

பெரிய நாடு ஒன்று கடல் தாண்டிப் போய் அடுத்தவர் போரில் மாட்டிக்கொண்டால், ஏன் போனார்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் மேடைப் பேச்சு. யார் கூப்பிட்டார்கள், செலவு யார் தலையில் எழுதப்பட்டது, எதை ஈடாகக் காட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தேதி கிடைக்கும், தொகை கிடைக்கும், கையெழுத்தும் கிடைக்கும். வல்லரசுகள் தூரத்துப் போருக்குள் ஒரே நாளில் குதிப்பது அரிது. சின்ன உதவி ஒன்றுக்கு ஒப்புக்கொண்டு, அதில் விழுந்த பாக்கியை வசூலிக்கப் போய், அந்த வசூலுக்குக் காவலாக நின்று, கடைசியில் ஊரையே ஆள்வதில் முடிகிறார்கள்.

இந்தப் பாதையைத் தேதி வாரியாகத் தடம் பிடிப்பதற்கான முறை இது. காவிரிப் படுகையில் இருக்கும் நூலக வாசகர் வட்டங்களுக்கும், வரலாற்று ஆசிரியர்களுக்கும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் பொருந்தும். ஆறு முதல் எட்டுப் பேர், இரண்டிரண்டு மணி நேரமாக நான்கு அமர்வு போதும்.

எந்தப் போரை எடுப்பது

நாளிதழில் இன்று ஓடும் போரில் தொடங்காதீர்கள். முடிவு தெரியாத போரில் எது திருப்பம், எது வெறும் பரபரப்பு என்று பிரிக்க முடியாது. தொடக்கமும் முடிவும் தெரிந்ததாக இருக்க வேண்டும். எதிரெதிர்த் தரப்புகளின் தாள்கள் மிஞ்சியிருக்க வேண்டும். முடிந்தால் நீங்கள் நேரில் போய்ப் பார்க்கக்கூடிய மண்ணில் நடந்திருக்க வேண்டும்.

நம் படுகையிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. 1749இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சை மராத்திய அரசின் அரியணைச் சண்டையில் தலையிட்டது. 1799 அக்டோபர் 25 ஒப்பந்தத்தின்படி தஞ்சை நிர்வாகம் முழுவதும் அதன் கைக்குப் போனது. நடுவில் சரியாக ஐம்பது ஆண்டுகள். ஆங்கிலேயர் கடிதங்கள், பிரெஞ்சுக்காரர் கடிதங்கள், தரங்கம்பாடி டேனியர், நாகப்பட்டினம் டச்சுக்காரர் பதிவுகள், தஞ்சை அரண்மனையின் மோடி (மராத்தி எழுத்து வகை) ஆவணங்கள் என்று ஐந்து தரப்புத் தாள்கள் உள்ளன. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் தூப்ளேயின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளரும் முகவருமாக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பும் இருக்கிறது. கவர்னர் காலையில் சொன்னதையும் அன்று மாலைக்குள் ஊர் பேசியதையும் அதில் சேர்த்துப் படிக்கலாம்.

தஞ்சை என்றவுடன் பலர் முதலாம் இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பை எடுக்க ஆசைப்படுவார்கள். ஆசை நியாயமானது, பழகுவதற்கு அது சரிவராது. நமக்குக் கிடைப்பது வென்றவரின் மெய்க்கீர்த்தி. எந்தத் துறைகள் பிடிபட்டன என்று அது வரிசையாகச் சொல்கிறது. படை கிளம்புவதற்கு முந்தைய ஆண்டுகளில் யார் யாருக்கு என்ன ஓலை போனது என்பது அதில் இல்லை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு இடம் கொடுத்து நட்பாக இருந்த சோழ, ஸ்ரீவிஜய அரசுகள் இருபது ஆண்டுக்குள் ஏன் மோதின என்பதற்கு இன்றும் ஊகங்கள்தான் உண்டு. காரணத்தைத் தடம் பிடிக்கப் பழகுபவர் காரணம் பதிவான போரை எடுக்க வேண்டும்.

தாளும் பத்திகளும்

முழு சார்ட் தாள் இரண்டை நீளவாக்கில் ஒட்டிக்கொள்ளுங்கள். எட்டுப் பத்திகளாகக் கோடு போடுங்கள்: தேதியும் பருவமும், கூப்பிட்டவர், சொன்ன நோக்கம், கொடுத்த வாக்கு, செலவு யார் தலையில் என்பதும் ஈடு எது என்பதும், களத்தில் முடிவெடுத்தவர், தலைநகருக்குச் சேதி போன நாளும் பதில் வந்த நாளும், எந்த முந்தைய வரிசை இதை உண்டாக்கியது. பணம் சிவப்பு மையில், கடிதம் நீலத்தில், படை நகர்வு கறுப்பில். முதல் இரண்டு அமர்விலும் எல்லாமே பென்சிலில் இருக்கட்டும்.

எட்டாவது பத்திதான் முறையின் உயிர். ஒவ்வொரு வரிசையும் மேலே உள்ள ஏதோ ஒரு வரிசையைக் காட்ட வேண்டும். காட்ட முடியவில்லை என்றால் நடுவில் ஒரு நிகழ்வைத் தவறவிட்டிருக்கிறீர்கள். போய்த் தேடுங்கள், பத்துக்கு எட்டு முறை அது ஒரு பணப் பத்திரமாக இருக்கும்.

பருவத்தை ஏன் எழுத வேண்டும் என்றால், சோழமண்டலக் கரையில் புயலுக்கு ஒதுங்க நல்ல துறைமுகம் கிடையாது. வடகிழக்குப் பருவம் தொடங்கும் அக்டோபரில் போர்க்கப்பல்கள் கரையை விட்டு விலகிவிடும். சம்பா அறுவடை தை மாசியில். அரசிடம் பணம் புழங்குவதும், கடன்காரர் கதவைத் தட்டுவதும் அதற்குப் பிறகுதான். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் பீரங்கி வண்டி நகராது. இன்றைய மேட்டூர் திறப்புத் தேதியை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் காலத்தைக் கணிக்க வேண்டாம். மேட்டூர் அணை 1934இல் வந்தது.

இரண்டு தொழில்நுட்பச் சிக்கல்களை முதலிலேயே தீர்த்துவிடுங்கள். 1752 செப்டம்பர் வரை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியில் எழுதினார்கள். பிரெஞ்சுக்காரர் புதிய நாட்காட்டியில். இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். 1749 ஏப்ரல் 13 என்று கடலூர்க் கடிதம் சொல்லும் நாள் புதுச்சேரிக் கடிதத்தில் ஏப்ரல் 24 ஆகும். இதைச் சரிசெய்யாமல் ஒட்டினால், பதில் கடிதம் முதல் கடிதத்துக்கு முன்னால் போய் நிற்கும். ஆனந்தரங்கப் பிள்ளை தமிழ் ஆண்டும் மாதமும் சேர்த்தே எழுதுவார். 1749 சித்திரையில் பிறந்தது சுக்கில ஆண்டு என்பதை அடையாளமாக வைத்துக்கொண்டால் சரிபார்ப்பது எளிது. அடுத்தது நாணயம். ஒரு நட்சத்திர வராகனுக்குச் சுமார் மூன்றரை ரூபாய் என்று வைத்து எல்லாவற்றையும் ரூபாயாக மாற்றி எழுதுங்கள். மாற்றாவிட்டால் 4 லட்சம் ரூபாயும் 4 லட்சம் வராகனும் ஒரே தொகைபோலத் தெரியும். தஞ்சை எங்கே முறிந்தது என்பதே கண்ணில் படாமல் போகும்.

முதல் வரிசை: தீவுக்கோட்டை, 1749

அரியணை இழந்த சாயாஜி கடலூரில் புனித டேவிட் கோட்டைக்கு வந்து கம்பெனியிடம் உதவி கேட்டார். அப்போது தஞ்சையை ஆண்டவர் பிரதாப சிங். தன்னை மறுபடி அமர்த்தினால் கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் உள்ள தீவுக்கோட்டையைத் தருவதாகவும், படைச் செலவைத் தானே ஏற்பதாகவும் சாயாஜி சொன்னார். தன் கொடியைக் கண்டால் நாட்டு மக்கள் திரண்டு வருவார்கள் என்பதும் அவர் கொடுத்த உறுதி.

இந்த இடத்தில் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். கூப்பிட்டவர் இதற்கு முன் வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கிறாரா? ஆம். இதே சாயாஜி 1738இல் பிரெஞ்சுக்காரருக்குக் காரைக்காலைத் தருவதாகச் சொல்லிப் பணம் பேசி, காரியம் முடிந்ததும் பின்வாங்கியவர். பிரெஞ்சுக்காரர் 1739இல், பின்னாளில் ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் படை உதவியோடுதான் காரைக்காலைப் பெற்றார்கள். மக்கள் வருவார்கள் என்ற உறுதியைக் கம்பெனி தனியாக விசாரித்ததா? விசாரித்ததற்கான தடம் இல்லை.

கம்பெனியின் பக்கத்தையும் எழுதுங்கள். ஐரோப்பாவில் ஆஸ்திரிய வாரிசுப் போர் 1748 அக்டோபரில் முடிந்துவிட்டது. பிரெஞ்சுக்காரரோடு சண்டையிட வந்த சிப்பாய்கள் கடலூரில் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலையில்லாமல் இருந்தார்கள். சும்மா இருக்கும் படை எந்த அழைப்பையும் சின்னதாகவும் சுலபமாகவும் காட்டும். அதனால் ஐந்தாவது பத்தியில் படை ஏற்கெனவே அங்கே இருந்ததா, வரவழைக்கப்பட்டதா என்பதையும் குறியுங்கள்.

1749 ஏப்ரலில் கேப்டன் கோப் தலைமையில் 430 ஐரோப்பியரும் 1000 சிப்பாய்களும் கிளம்பினார்கள். புயல் அடித்துக் கப்பல்கள் நொறுங்கின. கொள்ளிடக் கரையை எட்டியபோது சாயாஜிக்காக ஒருவரும் வரவில்லை. படை திரும்பியது. கணக்கை இங்கேயே மூடியிருக்கலாம். ஆனால் செலவு விழுந்துவிட்டது, மானமும் போய்விட்டது. மறுபடி மேஜர் லாரன்ஸ் தலைமையில் 800 ஐரோப்பியரும் 1500 சிப்பாய்களும் கடல்வழியே அனுப்பப்பட்டார்கள். ஜூனில் தீவுக்கோட்டை விழுந்தது. ராபர்ட் கிளைவ் அப்போது லெப்டினன்ட். அவர் நடத்திச் சென்ற சிறு அணியில் பெரும்பாலோர் தஞ்சைக் குதிரைப்படையால் வெட்டுண்டார்கள், அவர் தப்பினார்.

மூன்றாவது பத்தியைப் பாருங்கள். ஏப்ரலில் நோக்கம் அரசரை மீட்பது. ஜூனில் நோக்கம் செலவை ஈடுகட்டுவதும், கொள்ளிட முகத்தில் துறைமுகம் ஒன்று பெறுவதும். சாயாஜியின் பெயர் நோக்கத்திலிருந்து விழுந்துவிட்டது. பிரதாப சிங்கோடு செய்த உடன்படிக்கையில் கம்பெனிக்குத் தீவுக்கோட்டையும் ஆண்டுக்கு 9,000 வராகன் வருமானமுள்ள நிலமும் கிடைத்தன. சாயாஜிக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய் ஓய்வூதியம். அவர் தஞ்சைக்குத் தொல்லை தராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கம்பெனிக்கு. யாருக்காகப் போர் என்று சொன்னார்களோ அவருக்கே காவலாளி ஆனார்கள்.

உங்கள் வட்டம் இந்த ஒரு வரிசைக்கு ஒரு முழு அமர்வைக் கொடுக்கட்டும். இதில் பழகிவிட்டால் மற்றவை வேகமாக நகரும். வசதி இருந்தால் கொள்ளிட முகத்துவாரப் பக்கம் போய் மணல் திட்டுகளையும் அலையாத்திக் காடுகளையும் பார்த்துவிட்டு வாருங்கள். பெரிய கப்பல் நிற்கும் துறைமுகம் என்று எழுதியது எவ்வளவு ஆசைப்பட்ட கணிப்பு என்பது விளங்கும்.

சிவப்பு மை: பத்திரங்களின் வரிசை

இரண்டாம் அமர்வு முழுக்கப் பணம். இங்கேதான் பெரும்பாலான பாடநூல் விளக்கங்கள் நழுவுகின்றன. ஆம்பூர், ஆற்காடு, வந்தவாசி என்று சண்டைகளை அடுக்கிவிட்டு நடுவில் இருக்கும் தாள்களை விட்டுவிடுகின்றன.

1749 ஆகஸ்டில் ஆம்பூரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடினார். சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் அவரைத் துரத்துவதற்கு முன் தஞ்சைக்கு வந்தார்கள், பணத்துக்காக. பிரதாப சிங் வாரக்கணக்கில் பேச்சை இழுத்தார். கடைசியில் எழுதிக் கொடுத்த தொகையில் 56 லட்சம் ரூபாய்க்கான பத்திரம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது.

அந்தத் தாள் ஒன்பது ஆண்டு பெட்டியில் கிடந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி புதுச்சேரிக்கு வந்தபோது சென்னையை முற்றுகையிடப் பணம் இல்லை. பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்தார். காரைக்கால் வழியாக வந்து நாகூரைக் கொள்ளையிட்டார், கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடினார், தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டார். ஆகஸ்ட் தொடக்கத்தில் கரைக்கப்பால் ஆங்கிலேயக் கப்பற்படையோடு மோதல் நடந்தது, காரைக்கால் போய்விடுமோ என்ற பயம் வந்தது, வெடிமருந்தும் தீர்ந்துகொண்டிருந்தது. பணம் வாங்காமலே திரும்பினார். சென்னை முற்றுகையும் தோற்றது. எட்டாவது பத்தியில் 1758க்கு நேராக 1749 டிசம்பர் என்று எழுதுங்கள். வசூலாகாத பத்திரம் செத்துப்போவதில்லை, அடுத்து பணமுடை வரும் ஆளுக்காகக் காத்திருக்கிறது.

அடுத்த தாள் 1762. நவாப் முகமது அலிக்கும் தஞ்சைக்கும் கம்பெனி நடுவராக நின்று உடன்படிக்கை செய்து வைத்தது. பழைய பாக்கி 22 லட்சம் ரூபாய் தவணையில். இனி ஆண்டுக்குக் கப்பம் 4 லட்சம் ரூபாய். கம்பெனி அதற்கு ஜாமீன். ஜாமீன் என்பதை இரண்டு முறை அடிக்கோடிடுங்கள். கையெழுத்துப் போட்ட நாளில் அது சமாதானப் பணி. தவணை தவறிய நாளில் அது வசூல் பணி. 1771இல் பாக்கியைக் காரணம் காட்டி நவாபும் கம்பெனியும் தஞ்சைமேல் படையெடுத்தார்கள். துளஜா அரசர் மேலும் கடன்பட்டு அவர்களைத் திருப்பி அனுப்பினார். அந்தக் கடனுக்காகத் தரங்கம்பாடியிலும் நாகப்பட்டினத்திலும் கைநீட்டி, 1773இல் நாகூரை டச்சுக்காரருக்கு விற்றார். அதுவே அடுத்த குற்றச்சாட்டானது. 1773 செப்டம்பரில் தஞ்சைக் கோட்டை விழுந்தது, அரசர் சிறைப்பட்டார், நாடு நவாபிடம் போனது.

நவாப் யாரிடம் கடன் வாங்கியிருந்தார் என்று இப்போது பாருங்கள். கம்பெனியின் சொந்த ஊழியர்களிடம். சில நூறு பவுன் சம்பளக்காரரான பால் பென்ஃபீல்ட், தஞ்சை வருவாய் மீதும் வயலில் நின்ற பயிர் மீதும் தனக்கு 2,34,000 பவுன் வரவேண்டும் என்று உரிமை கொண்டாடினார். சென்னை ஆலோசனைச் சபையில் வாக்களித்தவர்களுக்குள்ளேயே நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள் இருந்தார்கள். 1776 ஏப்ரலில் கவர்னர் பிகட் தஞ்சையைத் துளஜாவுக்குத் திருப்பிக் கொடுத்தார். ஆகஸ்ட் 24 அன்று அவருடைய சபையின் பெரும்பான்மையே அவரைக் கைதுசெய்தது. அடுத்த மே மாதம் காவலிலேயே இறந்தார்.

ஆகவே ஐந்தாவது பத்தியில் ஒரு கேள்வியைக் கட்டாயமாகச் சேருங்கள்: போருக்கு வாக்களித்தவர்களில் யாருக்கு அந்த ஊரில் பணம் மாட்டியிருந்தது? பேரரசின் நலன் என்று பொதுவாகப் பேசும்போது இந்தக் கேள்வி மறைந்துவிடுகிறது. இங்கே நலன் திருவாரூர், கும்பகோணம் சீமையில் நின்ற சம்பாப் பயிரில் இருந்தது. அதை விளைவித்தவர்களை யாரும் எந்தப் பேச்சுவார்த்தைக்கும் கூப்பிடவில்லை.

ரூபாய் மாற்றக் கணக்கை இப்போது போடுங்கள். 1762இல் தஞ்சையின் ஆண்டுச் சுமை 4 லட்சம் ரூபாய். 1776இல் நாடு திரும்பக் கிடைத்தபோது, கோட்டையில் நிறுத்தப்பட்ட கம்பெனிப் படைக்காக மட்டும் ஆண்டுக்கு 4 லட்சம் வராகன், அதாவது சுமார் 14 லட்சம் ரூபாய் தர வேண்டியிருந்தது. காப்பாற்ற வந்த படையின் செலவு, யாரிடமிருந்து காப்பாற்றினார்களோ அவருக்குக் கட்டிய கப்பத்தைவிட மூன்றரை மடங்கு. 1799க்கு இதைவிடத் தெளிவான முன்னறிவிப்பு வேண்டாம்.

நீல மை: கடிதம் போய் வரும் நேரம்

தஞ்சை 1773 செப்டம்பரில் பிடிபட்டது. அதை ஒப்புக்கொள்ளாமல் திருப்பித் தரச் சொல்லி லண்டன் இயக்குநர்கள் உத்தரவிட்டது 1775 ஏப்ரலில். நடைமுறைக்கு வந்தது 1776 ஏப்ரலில். இரண்டரை ஆண்டு. கப்பல் ஒரு வழிக்கு ஆறு மாதம்வரை எடுத்தது என்பது இதில் பாதிக் காரணம்தான். மீதி, களத்தில் இருந்தவர்கள் எழுதியதை வைத்தே தலைநகரம் களத்தைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஏழாவது பத்தியில் இரண்டு நாளையும் எழுதி இடைவெளியைக் கழித்துப் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருக்கும் வரிசைகளில் முடிவெடுத்தவர் களத்து ஆள்தான். இதற்கு உறைக்கும் சான்று கடலூர். பிரிட்டனும் பிரான்சும் 1783 ஜனவரியில் முதற்கட்ட சமாதானத்தில் கையெழுத்திட்டுவிட்டன. ஜூன் 20 அன்று கடலூர்க் கடலில் இரண்டு கப்பற்படைகளும் மோதி ஆட்கள் செத்தார்கள். செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது.

வேறெங்கோ நடக்கும் போர்

எட்டாவது பத்தி சில சமயம் கடல் தாண்டிப் போகும். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனுக்கு எதிராகக் கிளர்ந்தன. 1778 பிப்ரவரியில் பிரான்சு அவர்களோடு கூட்டுச் சேர்ந்தது. அதனால் ஆங்கிலேயர் இங்கே புதுச்சேரியையும், 1779இல் மலபார்க் கரையில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த மாகேயையும் பிடித்தார்கள். மாகே வழியாகத்தான் மைசூரை ஆண்ட ஐதர் அலிக்குத் தளவாடம் வந்துகொண்டிருந்தது. 1780 ஜூலையில் அவர் அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டு நவாபின் நாட்டுக்குள் இறங்கினார். அந்த டிசம்பரில் டச்சுக்காரரோடும் போர். 1781 நவம்பரில் நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1782 பிப்ரவரியில் கும்பகோணம் பக்கம் அண்ணாகுடியில் கர்னல் பிரெய்த்வெயிட்டின் சுமார் 2000 பேர் கொண்ட படை ஐதரின் மகன் திப்புவிடம் சரணடைந்தது. இடையில் ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, மதகுகளும் கரைகளும் பாழாயின, ஊர்கள் காலியாயின. தஞ்சைச் சீமையில் இதை ஐதர் கலாபம் என்று வெகுகாலம் சொன்னார்கள். அட்லாண்டிக் கரையில் தொடங்கிய வழக்கின் ஒரு தவணை இங்கே வசூலானது. இந்தச் சங்கிலியைத் தாளில் ஒரே நேர்கோட்டில் வரைந்து காட்டினால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உடனே பிடிபடும்.

தண்ணீரும் ஆயுதமானது. 1754இல் பிரெஞ்சுப் படை கோவிலடிப் பக்கம் கரையை வெட்டிக் காவிரித் தண்ணீரைக் கொள்ளிடத்தில் திருப்பியது. தஞ்சையை மிரட்டத்தான் வெட்டினார்கள். அரசர் ஆங்கிலேயர் பக்கம் இன்னும் நெருங்கினார். கல்லணைக் கரையைப் பழுதுபார்க்கும் உரிமை பற்றிய தகராறு நவாபோடும் தொடர்ந்தது. இவற்றை நான்காவது நிறத்தில் குறிக்க விரும்பினால் குறிக்கலாம்.

இதே தாளில் மற்றப் போர்கள்

மூன்றாம் அமர்வில் வியட்நாமை அதே எட்டுப் பத்தியில் போடுங்கள். தஞ்சையில் பழகிய கண்ணுக்கு முதலில் படுவது 1950. அந்த ஆண்டுதான் அமெரிக்கா பிரெஞ்சுக்காரரின் இந்தோசீனப் போருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. 1954இல் பிரெஞ்சுக்காரர் தோற்றபோது அந்தப் போரின் செலவில் பெரும்பகுதி அமெரிக்காவுடையதாக இருந்தது. அதாவது துப்பாக்கிக்கு முன்னால் கணக்குப் புத்தகம் போய்விட்டது. 1960இல் ஆலோசகர்கள் சுமார் 900. 1963 இறுதியில் சுமார் 16,000. 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடா நிகழ்வு. உடனே நிறைவேறிய தீர்மானத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0, செனட்டில் 88க்கு 2. 1965 மார்ச் 8 அன்று தானாங்கில் 3,500 கடற்படைச் சிப்பாய்கள் இறங்கினார்கள். விமானத் தளத்தைக் காக்க மட்டும் என்பது சொன்ன நோக்கம். ஆண்டு முடிவில் 1,84,000 பேர்; 1968 இறுதியில் 5,36,000 பேர். 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் விழுந்தது. இறந்த அமெரிக்கர் மட்டும் 58,000க்கு மேல். வியட்நாமியர் பல லட்சம்.

இரண்டாவது பத்தியில் கூப்பிட்டவரின் முடிவையும் எழுதிவையுங்கள். தென்வியட்நாம் அதிபர் இங்கோ தின் தியெம் 1963 நவம்பரில் கவிழ்க்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்க அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தெரியும். ஆப்கானிஸ்தான் அரசு 1979 மார்ச்சில் சோவியத் படை கேட்டபோது மாஸ்கோ மறுத்தது. டிசம்பரில் படை நுழைந்தது. கேட்டுக்கொண்டே இருந்தவர்களில் ஒருவரான ஹபிசுல்லா அமீனை டிசம்பர் 27 அன்று அதே சோவியத் படைதான் கொன்றது. கூப்பிட்ட ஆள் இடைஞ்சல் ஆகும் கட்டம் கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் வரும். சோழர் காலத்திலும் உண்டு. இரண்டாம் இராசாதிராசன் காலப் பாண்டியர் உள்நாட்டுச் சண்டையில், இலங்கைப் படைக்கு எதிராகச் சோழர் ஆதரித்த குலசேகரப் பாண்டியனே பிறகு இலங்கைப் பக்கம் சாய்ந்தான். சோழர் எதிர்த்தரப்பு வீரபாண்டியனை ஆதரிக்க வேண்டிவந்தது. மயிலாடுதுறைப் பக்கம் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு அந்தப் போரைச் சொல்கிறது.

1987ஐயும் தவிர்க்க வேண்டாம். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் இலங்கைப் போரின் அகதிகளைப் பார்க்காத ஊர் இல்லை. ஜூலை 29 அன்று இந்திய இலங்கை ஒப்பந்தம். இந்தியப் படை போனது ஒப்பந்தத்தின் காவலாக. அக்டோபரில் அதே படை யாழ்ப்பாணத்தில் புலிகளோடு போரிட்டது. 1990 மார்ச்சில் திரும்பியபோது சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்கள் இறந்திருந்தார்கள். ஈழத்தமிழ்ப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டிருந்தார்கள். 1762இன் ஜாமீன் வரிசைக்கு நேராக இதை வையுங்கள். இந்த வரிசையை எடுக்கும் அமர்வில் குரல் உயரும், அது இயல்பு. தேதிப் பத்தியையும் வாக்குப் பத்தியையும் முழுதாக நிரப்பிய பிறகே கருத்துக்கு இடம் கொடுங்கள். உறவுகளை இழந்தவர்கள் அறையில் இருக்கக்கூடும். அவர்கள் பேச விரும்பினால் முதலில் பேசட்டும்.

எங்கே தவறும்

பெரும்பாலான வட்டங்கள் ஒரே காரணத்தைத் தேடி ஓடுகின்றன: வணிகம், மதம், பேராசை. ஒரு சொல்லில் முடிந்துவிட்டால் எட்டாவது பத்தி காலியாகவே இருக்கும். பேராசை 1749க்கு முன்பும் இருந்தது. ஏன் அந்த ஏப்ரல் என்பதைத் தேதிதான் சொல்லும்.

இன்னொரு தவறு, வல்லரசை ஒரே ஆளாக எண்ணுவது. லண்டன் வேறு, சென்னைச் சபை வேறு, கடன் கொடுத்த ஊழியர் வேறு. ஆறாவது பத்தியில் ஆங்கிலேயர் என்று எழுதினால் அழித்துவிட்டு ஆளின் பெயரையோ சபையின் பெயரையோ எழுதுங்கள். தஞ்சைத் தரப்புக்கும் இதே விதி. பிரதாப சிங்கை வெறும் பலியாள் என்று எழுதினால், இரண்டு ஐரோப்பியப் படைகளையும் தாமதத்தாலேயே ஓயவைத்த அவருடைய திறமை காணாமல் போகும்.

ஊர்ப் பெயர்க் குழப்பமும் நேரத்தைத் தின்னும். பழைய ஆங்கிலத் தாள்களில் கோலரூன் என்றால் கொள்ளிடம், டிராங்கிபார் என்றால் தரங்கம்பாடி. சாயாஜி குறைந்தது மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார். ஓரத்தில் ஒரு பெயர்ப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் அமர்வு: வெளியேறும் கதவு

தாளின் ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே, அந்த நாளில் வெளியேற எவ்வளவு செலவாகியிருக்கும், தொடர எவ்வளவு செலவானது என்று இரண்டு குறிப்பு எழுதுங்கள். 1749 ஏப்ரலில் வெளியேற ஒரு தோல்வியை ஒப்புக்கொண்டால் போதும். 1762இல் ஜாமீன் கையெழுத்தைத் தவிர்த்தால் போதும். 1776இல் சபையில் பாதிப்பேரின் சொத்து போயிருக்கும். 1799க்குள் அப்படி ஒரு கதவே இல்லை. இரண்டாம் சரபோஜிக்குக் கோட்டையும், ஆண்டுக்கு 1 லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் விட்டுவிட்டு மீதியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1855இல் வாரிசில்லை என்று அதுவும் முடிந்தது.

இதன் பிறகு இன்றைய செய்திகளுக்கு வரலாம். ஒரு வெற்றுத் தாளை நூலகச் சுவரில் ஒட்டி, ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவக் கடனுதவி, பயிற்சி ஆலோசகர், தளத்துக்குக் காவல், பாதுகாப்பு உத்தரவாதம் என்று எந்தச் செய்தி வந்தாலும் தேதியோடு உரிய பத்தியில் பென்சிலால் எழுதுங்கள். தொகை தெரியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். மாதம் ஒருமுறை வட்டம் கூடும்போது மூன்றாவது பத்தியை மட்டும் மேலிருந்து கீழே உரக்கப் படியுங்கள். சொன்ன நோக்கம் மாறிய வரிசை எதுவென்று தெரிந்தால், அதற்கு முந்தைய வரிசையின் ஐந்தாவது பத்தியை நிரப்ப ஆள் போட்டுத் தேடுங்கள்.